ஆள் வசிப்பதில்லை

இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியம் தன்னைத் தானே எழுதிக்கொள்கிறது என்று நம்புகிறவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே உண்டு. நான் வேலை பார்ப்பது கேரளத் தலைநகரில், தம்பானூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். சனிக்கிழமை மதியம் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது, "இன்னைக்கும் சும்மா எழுதிக் குடுக்கப் போறீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். சும்மா என்றால் சம்பளம் இல்லாமல். தீராத வியாதியைப் பற்றி விசாரிக்கிற குரலில்தான் கேட்பார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவேன்.

நாங்கள் கூடுவது ஒரு வாசகசாலையின் மாடியில். மூன்று மேஜைகள்: தமிழ், மலையாளம், ஆங்கிலம். ஒரு மொழியில் இருக்கிற, இன்னொரு மொழியில் இல்லாத கட்டுரைகளைப் பார்த்து எழுதிச் சேர்ப்பது வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் அதைப் போட்டியாக நடத்துவோம். அதிகம் எழுதினவர்களுக்கு ஒரு பையும் ஒரு சான்றிதழும் உண்டு. மாடிச் சாவி என்னிடம் இருந்ததால் ஒருங்கிணைப்பாளர் பட்டமும் என் தலையில் விழுந்தது. இதில் என் திறமைக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஆட்களைச் சேர்ப்பது பெரிய பாடில்லை, எழுத வைப்பதுதான் பாடு. தமிழ் மேஜைக்கு வரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். மலையாளக் கட்டுரையைப் பார்த்து ஒருவர் வாயால் தமிழில் சொல்ல, எழுதத் தெரிந்த இன்னொருவர் தட்டச்சு செய்வார். அது போக எல்லாருக்கும் நடிகர்களும் கோயில்களும் கால்பந்துக்காரர்களும்தான் வேண்டும். விடுபட்டதை நிரப்ப வாருங்கள் என்று கூப்பிட்டால் ஏற்கெனவே நிரம்பி வழிகிற இடத்தில் வந்து இன்னொரு குடம் ஊற்றுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் சும்மா வந்து எழுதுகிறவர்களிடம் எரிச்சலைக் காட்ட முடியாது. பழம்பொரியும் டீயும் வாங்கிக் கொடுத்துச் சிரிக்கத்தான் வேண்டும்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அவள் வந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள், தம்பானூர் லாட்ஜ் ஒன்றின் வரவேற்பில் வேலை. ஷிப்ட் முடிந்து யூனிபார்ம் சேலையோடே வந்திருந்தாள். பேர் எழுதின பட்டையை மட்டும் கழற்றிப் பையில் போட்டிருந்தாள்.

"அக்கா, நெட்ல உள்ளதைத் திருத்துறது இங்கதானே?"

ஆமாம், உட்காருங்கள், எந்தத் துறையில் ஆர்வம் என்று நான் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன்.

"ஆர்வம் ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு வரி மாத்தணும். மாத்திட்டுப் போயிருவேன்."

அந்த வரி பொன்முடியைப் பற்றிய மலையாளக் கட்டுரையில் இருந்தது. மலைமேல் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, 'மேல் டிவிஷன் லயங்களில் இப்போது ஆள் வசிப்பதில்லை' என்று முடித்திருந்தார்கள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகள். இவள் பிறந்தது அந்த வரிசையில்தான். அப்பாவும் அம்மாவும் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள், இன்னும் சில குடும்பங்களும் இருக்கின்றன. அப்பாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். அம்மாவுக்கு ரத்த அழுத்தம். மருந்துக்கு எஸ்டேட் ரோட்டில் நடந்து பஸ் பிடித்துக் கீழே வர வேண்டும். அந்தப் பஸ்ஸும் எப்போதாவதுதான்.

நகரத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் மலைக்கு மருத்துவ வண்டி அனுப்ப ஆரம்பித்திருந்தது. டாக்டர், நர்ஸ், மருந்து எல்லாம் வண்டியிலேயே வரும். மலையடியில் கல்லாறுக்கு வரும், அதற்கு மேலே இரண்டு இடத்துக்கு வரும், மேல் டிவிஷனுக்கு வராது. இவள் அந்த அலுவலகத்துக்குப் போய் நேரிலேயே கேட்டிருக்கிறாள்.

"கம்ப்யூட்டரைத் திருப்பி எனக்கே காட்டுதாவ அக்கா. 'பாருங்க, ஆளில்லாத இடம்னு கிடக்கு. காசு குடுக்கிறவங்க பாத்தா எங்களைக் கேப்பாங்க. இதை முதல்ல மாத்திட்டு வாங்க'ன்னு. நான் பின்னே யாரு, பேயா?"

வண்டி வர வேண்டும் என்றால் வரி மாற வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இவ்வளவு தெளிவான காரணத்தோடு அந்த மாடிக்கு அதுவரை யாரும் வந்ததில்லை.

கணக்கு தொடங்கிக் கொடுத்து, எங்கே தொட வேண்டும் என்று காட்டினேன். பள்ளியில் படித்த மலையாளம் அவளுக்குச் சரளமாக வந்தது. லயங்களில் குடும்பங்கள் வசிக்கின்றன என்று மாற்றிச் சேமித்தாள். டீ ஆறுவதற்குள் பழைய வரி திரும்ப வந்துவிட்டது. அவள் மறுபடி மாற்றினாள். மறுபடி பழைய வரி வந்தது, காரணம் 'சான்று இல்லை'. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை மாற்றினாள். "எந்தக் கழுதை இது?" என்று சற்று உரக்கவே கேட்டாள்.

கழுதை மூன்று நாற்காலி தள்ளி மலையாள மேஜையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மடிக்கணினியில் மும்முரமாக அவள் எழுதியதை அழித்துக்கொண்டிருந்தார். குடிநீர்த் துறையில் எஞ்சினீயராக இருந்து ஓய்வுபெற்றவர். மலையாளப் பக்கங்களுக்குக் காவல் என்றால் அவர்தான். கலைக்களஞ்சியத்தில் அவர் புனைபெயரைக் கண்டால் புதியவர்கள் நடுங்குவார்கள். நேரில் பார்த்தால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கத் தோன்றும். ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேர் சண்டை போடுவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருவரையும் அறிமுகப்படுத்தி வைத்தேன்.

அவர் எழுந்து நின்று கும்பிட்டார். எல்லைப் பக்கம் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார், நடுவில் மலையாளத்துக்கு வழுக்கிவிடுவார்.

"கோபிக்கண்டா மோளே. புஸ்தகத்தில் அங்ஙனெயாணு. அச்சில் வந்தது வேணும். இல்லெங்கில் நான் என்ன செய்ய?"

"எங்க அப்பா அங்க இருக்கார் சார். போன் போட்டுத் தாரேன், பேசுதியளா?"

"அச்சனோடு பேசலாம். பக்ஷே அச்சனெ அடிக்குறிப்பாக்கான் பற்றில்லல்லோ."

அப்பாவை அடிக்குறிப்பாகப் போட முடியாது என்கிறார். அவர் சொன்னது சரிதான், அதுதான் வயிற்றெரிச்சல். கலைக்களஞ்சியத்தின் முதல் விதி அது. கண்ணால் கண்டதை எழுதக் கூடாது. யாரோ அச்சில் எழுதியிருக்க வேண்டும், அதைக் காட்டித்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தங்கள் குடும்பப் பெருமையைக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். இந்த விதியைப் பல வருஷம் நானே பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன், மறுத்தவர்களோடு வாதாடியிருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வரிக்கு மூன்று சான்றுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒன்று சுற்றுலா இணையதளம். அது எங்கள் ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்து எழுதியது. இரண்டாவது, அந்த ஆங்கிலக் கட்டுரையே. அது மலையாளத்திலிருந்து வந்தது. மொழிபெயர்த்தது எங்கள் மேஜைதான், முந்தைய வருஷப் போட்டியில், பழம்பொரி தின்ற எண்ணெய்க் கையோடு. மூன்றாவது மட்டும் உண்மையான புத்தகம், ஒரு பழைய சுற்றுலாக் கையேடு. அதை எழுதியவர் கார்க் கண்ணாடியை இறக்காமலேயே மலையைப் பார்த்திருக்க வேண்டும். மற்ற இரண்டையும் எஞ்சினீயர் ஒத்துக்கொண்டு எடுத்துவிட்டார். கையேட்டை மட்டும் விடமாட்டேன் என்றார். புத்தகத்தை வெட்ட இன்னொரு அச்சுதான் வேண்டுமாம்.

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். அப்பா லயத்து வாசலில் நிற்கும் படத்தைக் கொண்டுவந்தாள். வாசலில் டூரிஸ்ட்டும் நிற்பான் என்று எஞ்சினீயர் சொன்னார். அம்மா அடுப்பு ஊதும் படத்தைக் கொண்டுவந்தாள். அடுப்பு எந்த ஊர் அடுப்பு என்று படத்தில் தெரியவில்லை என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் வையவில்லை. ஆனால் அவள் டீ டம்ளரை அவர் முன்னால் வைக்கிற சத்தம் கீழே வாசகசாலை வரை கேட்கும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகப் பொன்முடிக்குப் போனோம். படம் எடுத்துச் சேர்ப்பதும் எங்கள் வேலையில் ஒன்றுதான். எஞ்சினீயர் குரங்குக் குல்லாயும் குடையுமாக முதல் ஆளாகத் தம்பானூர் ஸ்டாண்டுக்கு வந்து நின்றார். கல்லாறு தாண்டி வளைவுகளில் பஸ் ஏற ஏற அவர் கண்ணை மூடிக்கொண்டார். இறங்கி எஸ்டேட் ரோட்டில் நடந்தோம். பாதி லயங்கள் கூரை போய்க் கிடந்தன. மீதியில் கொடியில் துணி காய்ந்தது, கோழி மேய்ந்தது, யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள்.

அவள் அப்பா காலில் துணி சுற்றி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று மகள் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"மலையாளத்துல நாங்க இல்லன்னு போட்டிருக்காவளாமே. இங்கிலீஷ்ல?"

"அதிலும் இல்லன்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

"தமிழ்ல?"

தமிழில் இந்த இடத்தைப் பற்றிக் கட்டுரையே இல்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்பச் செரி. தமிழ் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல."

எல்லாரும் சிரித்தோம். எஞ்சினீயர்தான் அதிகம் சிரித்தார். அவள் அம்மா பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கொடுத்தார். எஞ்சினீயர் கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் சாப்பிட்டார். வீடு வீடாகப் போய் விசாரித்தார். மழை வந்தால் எங்கே ஒழுகும் என்பது வரை கேட்டு, தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்து, வால்வு எங்கே போயிருக்கிறது என்று சொன்னார். அவள் அப்பாவின் காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இதைச் சும்மா விடக் கூடாது என்று மெதுவாக என்னிடம் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் எங்களுக்கு முன் சீட்டில் இருந்தாள். கல்லாறு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு திரும்பி நேராகக் கேட்டாள்.

"இப்பக் கண்டியளே சார். எங்க வீட்டுல சாப்பிட்டியளே. இனி மாத்தலாம் அல்லே?"

எஞ்சினீயர் குடைக்காம்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கண்டது நான். புஸ்தகம் கண்டில்லல்லோ மோளே."

அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். எனக்கு அந்த மனுஷனை அந்த வளைவிலேயே இறக்கிவிடத் தோன்றியது. கிழங்கைத் தின்றுவிட்டு, அந்தக் கிழங்கை அவித்தவள் அங்கே இருக்கிறாள் என்று எழுத முடியாதாம். ஆனால் மாடிக்கு வரும் யாராக இருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் பொய் பேசவில்லை, பிடிவாதத்துக்கும் பேசவில்லை. மறுநாள் காலையிலேயே அவரே தர்ம ஸ்தாபனத்துக்கு போன் செய்து அரைமணி நேரம் மன்றாடினார் என்று பின்னால் தெரிந்தது. அவர்களும் நெட்டில் இருப்பதைச் சொல்லி அவரிடமும் கைவிரித்திருக்கிறார்கள். அவர் காவல் காத்த வரியே அவர் வாயை அடைத்துவிட்டது.

அச்சு வேண்டும் என்றால் அச்சைத் தேடுவோம் என்று நானும் அலைந்தேன். பக்கத்து ஊரில் இருக்கும் பத்திரிகை நிருபரைப் பிடித்து, மேல் டிவிஷன் மக்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். நல்ல பையன்தான். ஒளிக்காமல் சொன்னான்.

"ஆளு குடியிருக்கிறது நியூஸாகுமா சேச்சி? ஆனை எறங்கினா விளிங்க, நான் ஓடி வரேன்."

ஆனை இறங்கவில்லை. மழைதான் இறங்கியது. அந்த வருஷம் மலையில் பலத்த மழை. ஒரு மரம் விழுந்து எஸ்டேட் ரோடு அடைபட்டது, பஸ் ஓடாமல் சில நாட்கள் போயின. அவள் அப்பாவுக்குக் காலில் புண் ஏறிக் காய்ச்சல் வந்தது. அக்கம்பக்கத்து ஆண்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி, விழுந்த மரத்தைத் தாண்டி, ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். கல்லாறு வந்து சேரும் முன்பே உயிர் போய்விட்டது. வண்டி வாராவாரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

கேரளத்தில் யார் இறந்தாலும் பத்திரிகையில் படம் போட்டு நாலு வரி வரும். பெரிய மனுஷராக இருக்க வேண்டியதில்லை. உள்ளூர் ஏஜென்ட்டிடம் போட்டோவும் விவரமும் கொடுத்தால் போதும். காலையில் சாயாவைக் கையில் எடுத்ததும் சரமப் பக்கம் என்கிற அந்த மரணப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே பலர் நாட்டு நடப்புக்கே போவார்கள். எஞ்சினீயரும் அந்த வகைதான்.

மறுநாள் விடிந்ததும் அவரிடமிருந்து போன். அந்த நேரத்தில் அவர் எனக்குப் பேசியதே இல்லை.

"பேப்பர் கண்டோ?"

நான் எடுத்துப் பார்த்தேன். லாட்ஜ் மானேஜர் கொடுத்திருப்பார் போல. சின்னப் படம், மேலே அவள் அப்பாவின் பெயர், அடைப்புக்குள் வயது. பொன்முடி எஸ்டேட் மேல் டிவிஷன் லயத்தில் வசித்துவந்தவர் காலமானார். மனைவி இன்னார், மகள் இன்னார். அடக்கம் இன்று பதினொரு மணிக்கு வீட்டுவளப்பில். வீட்டுவளப்பு என்றால் வீட்டைச் சுற்றிய சொந்த நிலம். பத்திரிகையில் எல்லாருக்கும் போடுகிற வார்த்தை அது. லயத்தில் இருக்கிறவர்களுக்கு ஏது வளப்பு? இறந்தபின் பத்திரிகை அவருக்கு வளப்போடு ஒரு வீடும் கொடுத்திருந்தது.

எனக்கு என்ன தோன்றியதோ அதேதான் அவருக்கும் தோன்றியிருக்கிறது என்று தெரிந்தது. அச்சில் வந்துவிட்டது. அப்படி ஓர் எண்ணம் அந்த நேரத்தில் வந்ததற்காக என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர், "ஜீப் சொல்லியிருக்கேன். போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

மழையிலேயே போனோம். எஸ்டேட் ஓரத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அவர்களுடைய இடுகாடு. அவள் எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அம்மா எஞ்சினீயரிடம், "சாப்பிட்டியளா?" என்று கேட்டார். அவர் அழுதுவிட்டார். தன் வீட்டுச் சாவு போலக் குடையையும் விட்டுவிட்டு நின்று அழுதார்.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவள் மாடிக்கு வந்தாள். மேஜையில் அந்தப் பத்திரிகைப் பக்கத்தை விரித்து வைத்தாள்.

"அக்கா, இது அச்சுதானே?"

நான் எஞ்சினீயரைப் பார்த்தேன். இன்னொரு விதியும் இருக்கிறது. சொந்தக்காரரைப் பற்றி, சொந்தக்காரர் கொண்டுவரும் சான்றை வைத்து, சொந்தக்காரரே எழுதக் கூடாது. அதை அவர் எத்தனையோ பேரிடம் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மோளே எழுது. ஞான் தொடில்ல."

மலையாளத்தில் அந்த வரியை மாற்றினாள். அடிக்குறிப்புக்கு ஒரு கட்டம் திறந்தது. எஞ்சினீயர் ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல அவள் நிரப்பினாள். பத்திரிகையின் பெயர். தேதி. பக்கம். தலைப்பு என்ற இடம் வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். சரமப் பக்கத்தில் செய்திக்குத் தலைப்பு இறந்தவரின் பெயர்தான். அவள் அப்பாவின் பெயரைத் தட்டச்சு செய்தாள், ஒரு எழுத்து தப்பி அழித்து மறுபடி செய்தாள். பிறகு தமிழில் உட்கார்ந்து, மேல் டிவிஷனுக்கென்று ஒரு சின்னக் கட்டுரையை யார் உதவியும் இல்லாமல் எழுத்துக்கூட்டி எழுதினாள். அதிலும் முதல் அடிக்குறிப்பு அதே பெயர்தான்.

ஆங்கிலத்தில் நான் மாற்றினேன். அங்கே வேறு ஊரில் இருக்கும் யாரோ ஒரு காவல்காரர் அன்றைக்கே அதை நீக்கினார். சான்றில் சொல்லப்படுகிறவர் இறந்துவிட்டார், ஆகவே இப்போது அங்கே ஆள் வசிப்பதாக இது காட்டவில்லை என்று காரணம் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் எஞ்சினீயரே பரவாயில்லை என்று தோன்றியது அப்போதுதான். நான் என்னவெல்லாமோ எழுதி அனுப்ப இருந்தேன். எஞ்சினீயர் என்னை எழ வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த அலுவலக இங்கிலீஷில், பத்திரிகையின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துப் பதில் எழுதினார். வீட்டுவளப்பில் அடக்கம் என்றால் அங்கே வீடு இருக்கிறது. மனைவி என்று பெயர் போட்டிருக்கிறது, மனைவி இறந்ததாக எந்த அச்சிலும் இல்லை. மாலை வரை விவாதம் நடந்தது. நம்முடைய ஆள் விதியைத்தான் பேசினார், விதியைத் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. எதிராளி கடைசியில் விட்டுக்கொடுத்தார். மூன்று மொழியிலும் மேல் டிவிஷனில் மக்கள் வசிக்கிறார்கள் என்று ஆயிற்று.

மூன்று பக்கங்களையும் அச்செடுத்துக்கொண்டு அவள் தர்ம ஸ்தாபனத்துக்குப் போனாள். இந்தத் தடவை அவர்கள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வண்டி வரும் என்றார்கள். அந்த வருஷப் போட்டியில் அவள் கட்டுரை எந்தக் கணக்கிலும் சேரவில்லை, அளவு போதாது. எஞ்சினீயர் ஒரு பையை எடுத்துத் தனியாக வைத்திருந்து அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

வண்டி முதலில் மேலே போன அன்று எனக்கு அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற நேரம். லாட்ஜ் கவுண்டரிலிருந்து அவள் போன் செய்தாள். வண்டி வந்ததாம். எல்லாரையும் பார்த்தார்களாம். அம்மாவுக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்தார்களாம். நல்லது, நல்லது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"முன்னே நான் அங்க நடையா நடந்தப்ப அப்பா அம்மா ரெண்டு பேர் பேரும் எழுதிக் குடுத்திருந்தேன்லா. அவங்க அதைத்தான் வச்சிருக்காவ. அப்பாவுக்குள்ள சுகர் மாத்திரையும், கால்ல போடுற மருந்தும் பேர் எழுதிக் கொண்டுவந்திருக்காவ."

திருப்பிக் கொடுத்துவிட்டாரா அம்மா என்று கேட்டேன்.

"இல்லக்கா. எங்கம்ம ஒண்ணும் சொல்லல. கையெழுத்துப் போட்டு அதையும் வாங்கி வச்சுக்கிட்டாவ."